கெடாவில் ஓர் ஆற்றுக்கு ஜாமீன்

மலேசியாவுக்கு நான் போனது தங்கை லில்லியைப் பார்க்க. போன மூணாம் நாளே, முன்பின் தெரியாத ஓர் ஆற்றுக்கு ஜாமீன் கொடுத்துவிட்டு வந்து நின்றேன். என் வாய் அப்படி. இருபத்திரண்டு வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவளுக்கு, யாராவது தப்பாகச் சொன்னால் திருத்தாமல் இருக்க முடியாது. பாளையங்கோட்டையில் அது பிழைப்பு. கெடாவில் அது வம்பு.

எண்பதுகளின் தொடக்கம். பள்ளிக்கு ஏப்ரல், மே விடுமுறை. லில்லியின் கணவர் சவரிமுத்து, சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கண்டக்டர். வெளிக்காட்டு வேலைகளை மேற்பார்க்கிறவருக்கு அங்கே அதுதான் பெயர். இது தெரியாமல் எங்கள் தெருவில் பத்து வருஷமாக அவரை பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர் என்றே சொல்லிவந்தோம். தோட்டத்தின் பெயரை எழுத மாட்டேன். மாப்பிள்ளை இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.

முதல் நாள் காலையில் வாசலுக்கு வந்தால், எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார்கள். நம் ஊர் "சாப்பிட்டாச்சா?" போல அதற்கும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட வேண்டும். நான் ஒவ்வொருவரிடமும் நின்று "இன்னும் இல்லை" என்று உண்மையைச் சொன்னேன். விளைவு, எட்டு மணிக்குள் வாழை இலையில் மடித்த தேங்காய்ப்பால் சோறு நாலு வீட்டிலிருந்து வந்து சேர்ந்தது. நாசி லெமாக் என்று பெயர். உள்ளே நெத்திலிச் சம்பல், காரம் மண்டைக்கு ஏறியது. நாலு பொட்டலத்தையும் சாப்பிட்டேன். காப்பியைப் பற்றி மட்டும் என்னால் ஒரு நல்ல வார்த்தை சொல்ல முடியாது. கொட்டையைக் கருகக் கருக வறுக்கிறார்கள். பால் கேட்டால் டப்பாவைச் சாய்த்துப் பசை போன்ற ஒன்றை ஊற்றுகிறார்கள்.

நாலாவது பொட்டலத்தை நான் முடிக்கும்வரை லில்லி பொறுத்திருந்தாள். பிறகு சொன்னாள்.

"அக்கா, வந்த அன்னிக்கே சொல்ல வேணாம்னுதான் பாத்தேன். இந்த வீடு இன்னும் எத்தன நாளைக்கோ தெரியல லா."

"லா எங்கிருந்துடி வந்தது உனக்கு?" என்றேன்.

"அத விடுக்கா. வீட்டப் பத்திக் கேளு."

கேட்டேன். தங்கை வீடு இருப்பது கீழ் லயத்தில். ஆற்றங்கரை ஓரமாகப் பன்னிரண்டு வீடுகள், ஒரே நீளக் கூரை, முன்னால் தண்ணீர். அந்த ஆற்றை நேராக்கி, சிமெண்ட் பூசி, லோங்கானாக மாற்றத் தோட்டத்து மானேஜர் திட்டம் போட்டிருந்தார். லோங்கான் என்றால் சாக்கடைதான். லாரிகள் வந்துபோக வழி வேண்டுமே, அதற்காகக் கீழ் லயத்தை இடித்துவிட்டு, பன்னிரண்டு குடும்பத்தையும் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் நாலு மைல் தள்ளி இன்னொரு பிரிவுக்கு அனுப்பிவிடுவார்களாம். அங்கே பள்ளிக்கூடம் கிடையாது. கோயிலும் கிடையாது, சர்ச்சும் கிடையாது.

"ஆறுன்னா அப்படிச் சட்டுனு தொட முடியாதுக்கா," என்றார் மாப்பிள்ளை. "அலோர் ஸ்டார்ல வடிகால் அதிகாரி கையெழுத்துப் போடணும். அதுக்குத்தான் மானேஜர், 'இது ஆறே இல்ல, உயிரில்லாத வடிகால், ஒரு மீன்கூட இல்ல'ன்னு அறிக்கை எழுதி அனுப்பிட்டாரு."

"மீன் இல்லையா?"

"இல்லதான். ரப்பர் ஆலைத் தண்ணி விழுந்து எல்லாம் செத்துப்போச்சு. இப்ப மூணு வருஷமா ஆலைத் தண்ணியக் குட்டைக்குத் திருப்பியாச்சு. தண்ணி நல்லாத்தான் இருக்கு. மீன்தான் திரும்பல."

மறுநாள் ஆற்றைப் பார்க்கப் போனேன். தாமிரபரணியைப் பார்த்த கண்ணுக்கு அது வாய்க்கால்தான். ஆனால் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. கரைதான் விசித்திரமாக இருந்தது. இரண்டு பக்கமும் ஒரு புல் இல்லை, ஒரு செடி இல்லை. செம்மண்ணைச் சீவி, தேய்த்து, பெருக்கி வைத்திருந்தார்கள். வெயில் நேராகத் தண்ணீரில் விழுந்தது. கையை விட்டுப் பார்த்தேன், குளிக்கப் போட்ட வெந்நீர் மாதிரி இருந்தது.

கரையில் சங்கோலோடு ஓர் அம்மாள் நின்றிருந்தார். சங்கோல் என்பது அந்த ஊர் மண்வெட்டி. அவர்தான் மாரியாயி, களையெடுக்கும் பெண்களுக்கு மண்டோர், அதாவது தலைவி. கீழ் லயத்தில் லில்லிக்கு அடுத்த வீடு. வயது ஐம்பதுக்கு மேல். குரல் அதற்கு இரண்டு மடங்கு.

"டீச்சர், எங்கயாச்சும் ஒரு புல்லு காட்டுங்க பாப்போம். என் பேர மாத்திக்கிறேன்," என்றார்.

தேடிப் பார்த்தேன், இல்லை. இந்தத் தோட்டத்தில் புல் என்றால் அவமானம். ரப்பர் மரத்துச் சாப்பாட்டைப் புல் தின்றுவிடும் என்று வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய பழக்கம். மரத்தடியில் தொடங்கி, சாலையோரம், வீட்டு வாசல், ஆற்றங்கரை என்று எங்கே பச்சையாக முளைத்தாலும் சங்கோல் விழுந்துவிடும். அதில் மாரியாயிக்கு இருந்த பெருமை, எங்கள் பள்ளித் தலைமையாசிரியைக்கு நூறு சதவீதத் தேர்ச்சியில்கூட இருந்ததில்லை.

அதற்கு அடுத்த நாள் மாப்பிள்ளை, பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் கைநாட்டும் கையெழுத்தும் போட்ட மனுவை எடுத்துக்கொண்டு அலோர் ஸ்டாருக்குக் கிளம்பினார். ஊர் பார்க்கலாமே என்று நானும் ஒட்டிக்கொண்டேன். குருன் என்ற ஊரில் பஸ் நின்றது. "ரெண்டே நிமிஷம்க்கா, மாம்பழம் வாங்கிட்டு வந்துர்றேன்," என்று மனுவை என் மடியில் வைத்துவிட்டு இறங்கினார். இரண்டு நிமிஷத்தில் பஸ் கிளம்பிவிட்டது. நான் எழுந்து நின்று தமிழில் கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. ஆங்கிலத்தில் கத்தினேன். பக்கத்து சீட்டுச் சீனக் கிழவர் தன் குடையை எடுத்து என்னிடம் நீட்டினார். மழை வருகிறது என்று நான் சொன்னதாக நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. நன்றி சொல்லி உட்கார்ந்தேன். பின் கண்ணாடி வழியாக, சாலை நடுவே மாம்பழப் பையோடு மாப்பிள்ளை ஓடிவருவது தெரிந்தது. ரொம்ப தூரம் ஓடினார், பாவம்.

குருனைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல். வயலோரமெல்லாம் கோரையும் தாமரையும் மண்டிக்கிடந்தன. கொக்குகள் கூட்டமாக நின்றன. தஞ்சாவூரைத் தூக்கிவந்து ரப்பர் காட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டார்களோ என்று தோன்றியது. அந்தச் சேற்றைப் பார்த்து எனக்கு ஏதாவது புத்தி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. மாம்பழம் போச்சே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அலோர் ஸ்டாரில் ஒரு மலாய்ப் பள்ளி மாணவி என்னைக் கையைப் பிடித்து அலுவலக வாசல்வரை கொண்டுவிட்டாள். வடிகால் அதிகாரி என்சே ரம்லி, என்சே என்றால் நம் 'திரு' மாதிரி, ஒல்லியான மனிதர், நிதானப் பேச்சு. மனுவைப் படித்தார். மானேஜரின் அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டார். எங்கள் ஆங்கிலப் பேச்சின் சாரம் இது.

"அம்மா, இதில் உயிரில்லாத வடிகால் என்று எழுதியிருக்கிறது."

"தப்பு. என் வகுப்பில் ஒரு பெண் இப்படி எழுதினால் பூஜ்யம் போடுவேன்."

"மீன் இருக்கிறதா?"

"இல்லை. ஆனால் வரும்."

"எப்போது?"

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி, "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்திருப்பாள். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்து, "மே மாதக் கடைசித் திங்கள்கிழமை வாருங்கள். என் கையால் காட்டுகிறேன்," என்றேன்.

அவர் தன் டைரியில் குறித்துக்கொண்டார். "மீன் இருந்தால் அது ஆறு, நான் கையெழுத்துப் போட மாட்டேன். இல்லாவிட்டால் அது வடிகால், அங்கேயே போட்டுவிடுவேன். சரிதானே, டீச்சர்?"

சரி என்று தலையாட்டினேன். அந்தத் திங்கள்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று வெளியே வந்த பிறகுதான் விரல் விட்டு எண்ணினேன். இரண்டு மணி நேரம் கழித்து, கோஸ் மூட்டை ஏற்றிய லாரியிலிருந்து மாப்பிள்ளை குதித்தார். மாம்பழம் பத்திரமாக இருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, நீங்க மீன் டாக்டரா?"

"தவளை அறுக்கத் தெரியும்," என்றேன்.

திரும்பி வருவதற்குள் மாப்பிள்ளை ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருந்தார். மீனை வாங்கி ஆற்றில் விட்டுவிடலாம். மூடா ஆறு கடலில் சேரும் இடத்தில் கோத்தா கோலா மூடா என்று ஒரு மீனவர் ஊர் இருக்கிறது, படகிலிருந்து நேரே வாங்கலாம் என்றார். கடல் மீன் ஆற்றில் பிழைக்காது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். "ஒரு திங்கக்கெழமை பொழச்சா போதும்க்கா," என்றார்.

அந்த ஊர்ச் சந்தை மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை. தென்னை மரங்களுக்குக் கீழே கூடை கூடையாக மீன். ஏலம் நடக்கிறது, ஆனால் சத்தமே இல்லை. வாங்க வருகிறவர் ஒவ்வொருவராக விற்கிறவரின் தோளில் கை போட்டு, காதில் விலையைக் கிசுகிசுக்கிறார். எல்லார் கிசுகிசுப்பையும் கேட்டுவிட்டு, அதிக விலை சொன்னவருக்கு விற்கிறவர் கூடையைத் தள்ளிவிடுகிறார். யார் எவ்வளவு சொன்னார்கள் என்று வேறு யாருக்கும் தெரியாது. ஆண்டாண்டு காலமாக அப்படித்தானாம். தூத்துக்குடி மீன் ஏலத்தில் இரண்டு தெருவுக்குக் கேட்கும் கூச்சலைக் கேட்டு வளர்ந்தவளுக்கு இது பாவ அறிக்கை செய்கிற மாதிரி இருந்தது.

மாப்பிள்ளையும் போய்க் கிசுகிசுத்தார். கிசுகிசுத்துவிட்டு என் பக்கம் திரும்பி விலையைச் சொன்னார்.

"அவ்வளவா? கொள்ளையாக இருக்கிறதே!" என்று நான் அந்தத் தொகையை ஆங்கிலத்தில், வகுப்பின் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில், திருப்பிச் சொன்னேன்.

சந்தை மொத்தமும் என்னைப் பார்த்தது. விற்கிறவர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்து நின்றவர் சிரித்தபடி போய், அவர் காதில் அரை வினாடி பேசினார். கூடை அவரிடம் போனது. எப்படியும் அதில் இருந்தது செத்த கானாங்கெளுத்திதான். ஆனால் மானேஜர் வீட்டுச் சமையல்காரர் இரண்டு கூடை தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் பெரிய சங்கடம்.

வெட்கம் தாங்காமல் நான் ஆற்றோரமாக நடந்தேன். மாப்பிள்ளை பின்னாலேயே வந்தார். கொஞ்ச தூரத்தில் இரண்டு மலாய்ப் பெண்கள் இடுப்பளவு சேற்றில் நின்று கைவலையால் இறால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நின்ற பக்கம் அலையாத்தி மரங்கள், வேரெல்லாம் பின்னிக் கிடந்தன. எதிர்ப் பக்கம் படகு கட்டுவதற்காக மரத்தையெல்லாம் வெட்டி, கரை வழவழவென்று இருந்தது. அங்கே ஒருவரும் வலை வீசவில்லை.

"அந்தப் பக்கம் ஏன் வீசவில்லை என்று கேளுங்கள், மாப்பிள்ளை."

அவர் மலாயில் கேட்டார். ஒரு பெண் சொன்ன பதிலைத் தமிழில் சொன்னார். "அங்க எதுக்கு மீன் வரும்? உக்கார நெழல் இல்ல, ஒளிய வேர் இல்ல. வெட்டுனதுக்கப்புறம் ஒண்ணும் கெடைக்கல. அதான் நாங்களே திரும்ப நடுறோம்னு சொல்றாங்க."

அவள் காட்டிய இடத்தில், சேற்றில் முழ உயரத்துக்கு நட்ட இளங்கன்றுகள் ஏராளமாக நின்றன.

எனக்குத் தலையில் யாரோ குட்டிய மாதிரி இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக இதைத்தானே கரும்பலகையில் எழுதிப் போட்டேன்! நிழல், குளிர்ந்த தண்ணீர், ஒளிய இடம், இரை, முட்டையிட வேர். எழுதி, அம்புக்குறி போட்டு, அழித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். நேரில் ஒரு மொட்டைக் கரையைப் பார்த்தபோது என் மூளையில் ஒன்றும் ஓடவில்லை.

"மாப்பிள்ளை, மீன் வாங்க வேண்டாம். புல் வளர்ப்போம்," என்றேன்.

அவர் நாலா பக்கமும் பார்த்துவிட்டு, "மெதுவாப் பேசுங்கக்கா," என்றார். தோட்டத்தில் அந்த வார்த்தையைக் கேட்டால் வேலை போகும் என்று பயந்தார்.

கீழ் லயத்துக்காரர்கள் கூடிப் பேசினார்கள். வீடு போவதைவிடப் புல் மேல் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கத்தோலிக்கர்களும், மாரியம்மன் கோயிலிலிருந்து மற்றவர்களும் நேரே ஆற்றுக்கு வந்தார்கள். வெட்டிப்போட்ட பழைய ரப்பர் மரத் துண்டுகளை உருட்டித் தண்ணீரில் கோணல்மாணலாகக் கிடத்தினோம். தண்ணீர் ஒரே ஓட்டமாக ஓடாமல் அங்கங்கே சுழன்று மடு விழ வேண்டும். சாலைக் கல்லைக் கொட்டினோம். வயல் பக்கமிருந்து கோரை, சேம்பு, கங்கோங் கீரை எல்லாவற்றையும் காசு கொடுத்து வேரோடு வாங்கிவந்து ஆண்கள் நட்டார்கள். நான் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தேன்.

மாரியாயி மட்டும் வரவில்லை. தன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

"காசு குடுத்துக் களை வாங்குன ஊரு ஒலகத்துலயே இதான்," என்றார்.

"மீன் வந்தால்தான் வீடு நிற்கும், மாரியாயி. கரைப் பக்கம் சங்கோல் வரக் கூடாது," என்றேன்.

"வராது டீச்சர். ஆனா பாம்பு வரும். சொல்லிட்டேன்."

மூன்றாம் வாரம் பாம்பு வந்தது. சாதாரணத் தண்ணீர்ப் பாம்பு, விஷமில்லாதது. பத்தாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது. நான் நாற்காலி மேல் ஏறி நின்று அதை விளக்கினேன். மாரியாயி வந்து அதை வாலைப் பிடித்துத் தூக்கி அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, "எறங்குங்க டீச்சர், பசியாறுங்க," என்று ஒரு தட்டில் தோசை வைத்துவிட்டுப் போனார். பாம்பு வரும் என்று சொன்னது பலித்த சந்தோஷம் அவருக்கு. தோசைக்குத் தொட்டுக்கொள்ளப் புளி போட்ட மீன் குழம்பு. அதற்காக இன்னொரு பாம்பு வந்தாலும் தேவலை என்று இருந்தது.

மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. நட்டதெல்லாம் காடாக வளர்ந்தது. சேம்பிலை யானைக்காது அளவுக்கு விரிந்தது. தட்டான் வந்தது, தவளை வந்தது. ஒரு நாள் மரத்துண்டின் மேல் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மாப்பிள்ளை வேலையை விட்டு ஓடிவந்து சொன்னார். அது தப்பாக வந்துவிட்டுப் போயிருக்கலாம் என்று எனக்குப் பயம். தினமும் காலையில் பலகைப் பாலத்தில் நின்று லில்லியின் மாவுச் சல்லடையைத் தண்ணீரில் விட்டு எடுப்பேன். தலைப்பிரட்டை இருக்கும், பூச்சி இருக்கும், மீன் இருக்காது. கரைச் செடிக்குள் இறங்கித் தேடியிருக்க வேண்டும். ஆனால் பாம்பைப் பார்த்த பிறகு பாலத்தை விட்டு நான் இறங்கவே இல்லை. மழைத் தண்ணீர் வேறு டீ நிறத்தில் ஓடியது, மேலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

கடைசி ஞாயிறு மாலை லில்லி என் பெட்டியை அடுக்க உட்கார்ந்தாள். அப்படியே தன் அலமாரியைத் திறந்து அதிலிருந்ததையும் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு ரொம்ப பயமாக இருந்தது. விருந்துக்கு வந்த இடத்தில் பன்னிரண்டு வீட்டின் தலையெழுத்தில் கை வைத்துவிட்டேனே என்று அன்றைக்கு நான் அழுதேன்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு எழுந்து பாலத்துக்குப் போனேன். சல்லடை கையிலிருந்து விழுந்துவிட்டது.

கரை மொட்டை. கோரை இல்லை, சேம்பு இல்லை, கங்கோங் இல்லை. முதன்முதலில் பார்த்த அதே செம்மண், சீவிப் பெருக்கி, தென்னந்துடைப்பக் கோடு பளிச்சென்று தெரிய இருந்தது. அதோடு விட்டார்களா? நாங்கள் கொட்டிய கற்களுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு வேறு அடித்திருந்தார்கள். பிடுங்கியதெல்லாம் மேட்டில் ஆளுயரக் குவியலாகச் சேறும் வேருமாகக் கிடந்தது. குவியலுக்குப் பக்கத்தில் மாரியாயியும் பத்துப் பெண்களும் வியர்க்க வியர்க்க, குளித்த முகத்தைவிடப் பிரகாசமான முகத்தோடு நின்றார்கள்.

"என்ன செய்தீர்கள் மாரியாயி!" என்று அலறினேன்.

"அஞ்சு மணிக்கே வந்துட்டோம் டீச்சர். சனிக்கெழம பெரட்டுல மானேஜரே சொல்லிட்டாரு லா, அலோர் ஸ்டார்லேருந்து பெரிய அதிகாரி வர்றாருன்னு." பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடம்.

"புல்லைத் தொடக் கூடாது என்று சொன்னேனே!"

"புல்லு மீனுக்குத்தானே டீச்சர்? அதிகாரிக்கு எதுக்குப் புல்லு? பெரியவங்க வர்ற அன்னிக்குக் குப்பையக் காட்டுனா நம்ம வீடு நிக்குமா?"

அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். முடியவில்லை. அவர் வீடும் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. அதைக் காப்பாற்றத்தான், தனக்குத் தெரிந்த ஒரே வேலையை, சம்பளம் இல்லாமல் விடியுமுன் வந்து செய்திருக்கிறார். மாப்பிள்ளை ஓடிவந்தார். பார்த்தார். வழக்கம்போல் உட்கார்ந்துவிட்டார்.

திரும்ப நட நேரமில்லை. ஒன்பது மணிக்குக் கார் வந்தது. என்சே ரம்லி இறங்கினார், பின்னாலேயே மானேஜர், கையில் திட்ட வரைபடம். அதிகாரி வெள்ளைக் கற்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டீச்சர், நீங்கள் செடி வளர்த்திருக்கிறீர்கள் என்றார்களே?"

"நேற்றுவரை இருந்தது," என்றேன். வேறென்ன சொல்ல!

"மீன்?"

நான் குவியலைப் பார்த்தேன், ஆற்றைப் பார்த்தேன். மானேஜர் சிரித்தார். "இவர்கள் மீன் வாங்கக் கோலா மூடா வரைக்கும் போனார்கள், சார். ஊருக்கே தெரியும். மீன் இருந்தாலும் அது சந்தை மீன்தான்."

அதிகாரி பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். காரின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்தார்கள். லில்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பன்னிரண்டு வீட்டு ஆட்களும் காரைச் சுற்றி நெருங்கி வந்தார்கள்.

அப்போது ஒரு பெண், "யம்மா!" என்று பின்னால் குதித்தாள்.

குவியலின் அடியில் ஏதோ அசைந்தது. சேற்றுக்குள்ளிருந்து விரல் நீளத்தில் கறுப்பாக ஒன்று வெளியே வந்து விழுந்தது. புரண்டது. நிமிர்ந்தது. பக்கவாட்டுச் செவுள் மூடிகளை விரித்துத் தரையில் ஊன்றி, வாலை உதைத்து, ஓர் அங்குலம் நகர்ந்தது. பிறகு இன்னோர் அங்குலம். நேராக ஆற்றைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

"பனையேறிக் கெண்டை!" என்று கத்தினேன். நம் ஊர்க் குளத்திலும் உண்டு. தண்ணீர் இல்லாமலும் பல மணி நேரம் மூச்சு விடும், தரையில் நடக்கும்.

"புயு," என்று மலாயில் அதன் பெயரைச் சொன்னார் என்சே ரம்லி. பேனாவைக் கையில் பிடித்தபடியே வந்து குனிந்தார். "நான் பிறந்தது வயக்காட்டில். இதைக் கையால் பிடித்திருக்கிறேன்." மானேஜர் ஒரு காலை முன்னால் வைத்தார். "நகருங்கள், மிதித்துவிடாதீர்கள்," என்று அதிகாரி அவர் முழங்காலைப் பிடித்துத் தள்ளினார்.

"வாங்கிய மீனாக இருக்கும், சார்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "வாங்கிய மீனென்றால் ஆற்றில் விட்டுக் காட்டியிருப்பார்கள். களைக்குள் ஒளித்து வைத்துவிட்டுக் கரையை யாராவது மொட்டையடிப்பார்களா?"

அவரே சட்டைக் கையை மடித்துக் குவியலைப் பிரித்தார். மாப்பிள்ளை எழுந்து வந்து பிரித்தார். வேருக்கு வேர் மீன்குஞ்சு. கண்ணாடி இறால்கள். பெரியதாக இன்னும் மூன்று புயு. லில்லி வாளியோடு ஓடிவந்தாள். பாலத்தின் மேல் நின்று ஒரு மாதமாக நான் சல்லடையில் தேடியதெல்லாம் கரையில், செடியின் காலடியில் இருந்திருக்கிறது. பாம்புக்குப் பயந்து நான் இறங்காத இடத்தில்.

முதலில் வந்த மீனை யாரும் தூக்கி விடவில்லை. தூக்க வேண்டாம் என்று அதிகாரி சொல்லிவிட்டார். பெருக்கிய கரையில், துடைப்பக் கோடுகளைத் தாண்டி, அது தானே நடந்து போய்த் தண்ணீரில் விழுந்தது. என்சே ரம்லி பேனாவை மூடினார். சட்டைப் பையில் செருகினார். வரைபடத்தைச் சுருட்டி மானேஜரிடம் கொடுத்தார். "ஆற்றுக்குள் சிமெண்ட் போட நான் கையெழுத்துப் போட முடியாது," என்றார். லில்லி என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன், சேற்றுக் கையோடு.

கார் போன பிறகு பாலத்தின் மேல் நின்று மாரியாயியைத் தேடினேன். ஆட்களுக்குள் இல்லை. கரையில், தண்ணீர் விளிம்பில், முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சங்கோல் தூரமாகக் கிடந்தது. கையில் ஒரு கோரைக் கொத்து. அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கண்ணீர்.

"டீச்சர், இத எப்டி நடணும், காட்டுங்க. முப்பது வருஷமாப் புடுங்கத்தான் தெரியும். ஒரு புல்லு நட்டதில்ல."

நான் பாலத்தை விட்டு இறங்கி, சேற்றில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.